பத்து நானோமீட்டர் துகளுக்கு எந்த நிறை நிறமாலைமானி? ஏ.எம்.எஸ்., டிடி-சிம்ஸ்: ஓர் ஒப்பீட்டு அலசல்

காற்றில் புதிதாகத் தோன்றி வளரும் நானோதுகள்கள் எந்தச் சேர்மங்களால் ஆனவை என்று அறிய எங்கள் ஆய்வுக் குழுவின் முன் இரண்டு வழிகள் இருந்தன: ஏரோடைன் நிறுவனத்தின் ஏ.எம்.எஸ். (காற்றுத்துகள் நிறை நிறமாலைமானி), ஆய்வகங்களிலேயே பெரும்பாலும் கட்டியெழுப்பப்படும் டிடி-சிம்ஸ் (வெப்பத்தால் ஆவியாக்கி வேதிமுறையில் அயனியாக்கும் நிறை நிறமாலைமானி). இரண்டுமே பொருளை மின்னூட்டமுள்ள அயனிகளாக்கி, அவற்றின் நிறையைக் கொண்டு சேர்மங்களை இனங்காண்பவை. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்கிறது.

ஏ.எம்.எஸ். துகள்களைக் கற்றையாகக் குவித்து வெற்றிடத்துக்குள் செலுத்தி, ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸில் ஆவியாக்கி, 70 எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்களால் அயனியாக்குகிறது. கரிமப் பொருள், சல்பேட்டு, நைட்ரேட்டு, அம்மோனியம், குளோரைடு ஆகியவற்றின் நிறையைத் தொடர்ந்து தருவதில் அதற்கு இணை குறைவு. டெல்லியின் குளிர்காலக் காற்றில் குளோரைடு மிகுந்திருப்பதைக் காட்டியவையும் இந்தக் குடும்பத்துக் கருவிகளே. அந்தச் சூட்டில் ஆவியாகாத புகைக்கரியும் மண்தூசியும் அதற்குப் பிடிபடா என்பது எல்லோரும் அறிந்ததே.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது நிறைக் கணக்கு. விட்டம் பத்தில் ஒரு பங்காகும்போது நிறை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு கன சென்டிமீட்டரில் 10 நானோமீட்டர் துகள்கள் 10,000 இருந்தாலும், 100 நானோமீட்டர் துகள்கள் வெறும் பத்து அவற்றின் மொத்த நிறைக்கு ஈடாகிவிடும். அந்த நிறை ஒரு கனமீட்டருக்கு 10 நானோகிராமைக்கூட எட்டாது. துகள் பறக்கும் நேரத்தைக் கொண்டு ஏ.எம்.எஸ். அளவு பிரிக்கும்தான்; ஆனால் துகள்களைக் கற்றையாகக் குவிக்கும் அதன் நுழைவுப் பகுதியான வழக்கமான காற்றியக்க வில்லை, 40 நானோமீட்டருக்குக் கீழுள்ளவற்றில் பெரும்பகுதியைக் கற்றையில் சேர்ப்பதே இல்லை.

டிடி-சிம்ஸ் இச்சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகுகிறது. துகள்களுக்கு மின்னூட்டம் ஏற்றி, மின்புலத்தில் அவை நகரும் திறனைக் கொண்டு அளவு பிரித்து, வேண்டியவற்றை மட்டும் வளிமண்டல அழுத்தத்திலேயே ஒரு பிளாட்டின இழையில் படியவைக்கிறது. காற்றிலுள்ள ஆவிகள் இழையில் ஒட்டாதிருக்கத் தூய நைட்ரஜன் சூழ்ந்து ஓடுகிறது. பின்னர் இழை சூடேற்றப்பட்டு, எழும் ஆவி வேதிமுறையில் மென்மையாக அயனியாக்கப்படுவதால், மூலக்கூறுகள் அதிகம் சிதைவதில்லை. பிகோகிராம் (கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவிலான மாதிரியே இதற்குப் போதும். ஒவ்வொரு சேகரிப்புக்கும் இணையாக, துகள்கள் படியாமலே வரும் பின்னணிச் சைகையை அறிய, இழைக்கு மின்னழுத்தம் தராத வெற்றுச் சுற்று ஒன்றையும் ஓட்டியாக வேண்டும். (அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க விரும்புபவர்கள் இக்கருவியை நாடாதிருப்பதே மேல்.) மெக்சிகோவின் தெக்காமக்கில் 2006இல் நடந்த அளவீடுகளில், புதுத் துகள்களின் வளர்ச்சிக்குச் சல்பேட்டைவிடக் கரிமச் சேர்மங்களே பெரும்பங்கு அளித்தன என்பதை இம்முறையே வெளிக்கொணர்ந்தது.

ஆயினும் இதன் எண்களைத் துல்லியமான நிறைவிகிதங்களாகக் கொள்ள நான் தயங்குவேன். சேர்மத்துக்குச் சேர்மம் அயனியாகும் திறன் மாறுபடுகிறது. சில சேர்மங்கள் சூட்டிலேயே சிதைந்துவிடுகின்றன. 10 நானோமீட்டருக்குக் கீழே மின்னூட்டம் ஏற்கும் துகள்களும் அருகிவிடுவதால், அங்கே எங்கள் அனுபவம் மெலிந்ததே.

இவ்விரண்டுக்கும் அப்பால், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் உருவான நாம்ஸ் (நானோ காற்றுத்துகள் நிறை நிறமாலைமானி) கருவியை நான் கையாண்டதில்லை. மின்புலப் பொறியில் பிடித்த துகளை லேசரால் அணுக்களாகவே உடைத்துவிடும் அது, கார்பன், நைட்ரஜன், கந்தகம் போன்ற தனிமங்களின் விகிதத்தைத் தேடுபவர்களுக்கு உரியது. சேர்மத்தின் அடையாளம் அந்த உடைப்பில் மிஞ்சாது.