வேலூரில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்களே, ஒழுகிய சுவருக்கு எங்களிடம் 42,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்

சத்துவாச்சாரியில் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாயிற்று. கொடுத்த அட்வான்ஸ் 80,000. கைக்கு வந்தது 38,000. மீதி 42,000 எங்கே என்று கேட்டால், "சுவரெல்லாம் பாழ் பண்ணி வெச்சிருக்கீங்க, பெயிண்டுக்கே பத்தாது" என்கிறார் ஓனர். வயிறு எரிகிறது. சுவரைப் பாழாக்கியது மொட்டை மாடியிலிருந்து இறங்கிய தண்ணீர், நாங்கள் இல்லை.

வீடு பார்க்கப் போனபோதே படுக்கையறை மூலையில் புதுப் பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது. கேட்டேன். "பழைய கசிவும்மா, சரி பண்ணியாச்சு. திரும்ப சொட்டினா ஒரு போன் போடுங்க, அன்னிக்கே ஆள் அனுப்பறேன்" என்றார். அவர் மனைவி காபி கொடுத்து, "நம்ம வீட்டுப் பொண்ணா நெனச்சுக்கிறோம்" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தோம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாமா என்று என் கணவர் கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்கு, ஸ்டாம்ப் பேப்பரே போதும்" என்று ஓனர் முடித்துவிட்டார்.

ஐப்பசி மழையில் அந்த மூலை ஊறியது. பூச்சு அப்பளம் போல எழும்பி, தொட்டாலே உதிர்ந்தது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. சுவிட்ச் போர்டைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடித்தது; சின்னப் பிள்ளை இருக்கிற வீடு. போன் செய்தால் "மழை விடட்டும்". மழை விட்டதும் "கொத்தனார் ஊர்ல இல்ல". அப்புறம் "வெயில் வந்தா தானா காய்ஞ்சிடும்". கடைசியில் போனையே எடுக்கவில்லை. வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கரோ, "கமிஷனோட என் வேலை முடிஞ்சுதுக்கா" என்றார்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடியிருப்பவர் உண்டாக்கிய சேதம் தவிர, கட்டடப் பழுதும் சுவருக்கு வெள்ளையடிப்பதும் ஓனர் பொறுப்பு என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தரவும் சொல்கிறது. இதைச் சொன்னேன். "எங்க வேணும்னாலும் போங்க" என்றார். வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கத்தான் போகிறோம். 42,000 ரூபாயைச் சும்மா விட முடியாது.

ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் வெளியூரிலிருந்து வந்து அவசரமாக வீடு தேடுகிறவர்கள் கவனியுங்கள். மொட்டை மாடிக்கு ஏறி, மழைத்தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் சந்தேகப்படுங்கள். பதிவு வேண்டாம் என்கிற ஓனர் வேண்டவே வேண்டாம். கசிந்தால் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. அட்வான்ஸ் கணக்கை எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.