டமாக்சிஃபெனா, லெட்ரோசோலா? பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாத ஒரு வரி

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, நான்கு கீமோ, பதினைந்து நாள் கரண்ட் என்கிற கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து கோரிமேடு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, புதுச்சேரி பஸ் நிலையத்தில் கடலூர் பஸ் ஏறி உட்கார்ந்தபோது, இனி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் கையில் ஒரு சீட்டு இருந்தது. ஐந்து வருடம், தினம் ஒரு மாத்திரை. அதில் இரண்டு பெயர்களை எழுதி, “வீட்டில் யோசித்துவிட்டு மூன்று வாரம் கழித்து வாருங்கள் அம்மா, இரத்தப் பரிசோதனை முடிவும் அதற்குள் வந்துவிடும்” என்று டாக்டர் அனுப்பியிருந்தார். ரெட்டிச்சாவடி வரும் வரை அந்த இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் படித்துக்கொண்டே வந்தேன்.

இந்த மாத்திரைகள் மார்பகப் புற்றுநோய் வந்த எல்லோருக்குமானவை அல்ல. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈ.ஆர். அல்லது பி.ஆர். பாசிட்டிவ் என்று இருந்தால்தான் வேலை செய்யும்; அதாவது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான் என்ற பெண் ஹார்மோன்கள் வந்து ஒட்டும் இடங்கள் புற்றுநோய்ச் செல்லில் இருக்க வேண்டும். என்னுடையது ஈ.ஆர். பாசிட்டிவ். கட்டி இரண்டு சென்டிமீட்டர், அக்குள் நெறிகட்டிகளில் எதுவும் இல்லை, வயது 48. நான் டாக்டர் அல்ல. என் கணக்கை மட்டும் இங்கே போட்டுக்காட்டுகிறேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: எதுவுமே வேண்டாம் என்று விட்டுவிடுவது. உறவினர்களில் பாதிப் பேர் அந்தக் கட்சிதான். “கட்டியை எடுத்தாயிற்று, கரண்டும் வைத்தாயிற்று, இன்னும் எதற்கு மாத்திரை? முள் சீத்தா இலையைக் கொதிக்கவைத்துக் குடி” என்றார்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் உள்ளவர்கள் ஐந்து வருடம் டமாக்சிஃபென் சாப்பிட்டால், அந்த ஐந்து வருடத்தில் நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. 15 வருடக் கணக்கில் மார்பகப் புற்றுநோயால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்த கணக்கு இது. கஷாயத்துக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

ஆனால் “பாதி” என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடவும் கூடாது. எதில் பாதி என்று கேட்க வேண்டும். திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு இருபது என்றால் பத்துப் பேர் தப்புகிறார்கள். நூற்றுக்கு நான்கு என்றால் இரண்டே பேர். பால்குழாய்க்குள்ளேயே அடங்கிய பூஜ்யம் நிலை நோய் என்றால் மாத்திரை அது திரும்புவதைக் குறைக்கிறதே தவிர, ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணமாகவில்லை. அந்த நிலையில் இருப்பவர் டாக்டரிடம் பேசிவிட்டு வேண்டாம் என்று சொன்னால் நான் வாதாட மாட்டேன். என் நிலை அதுவல்ல. அதனால் இந்த வழியை முதல் வாரத்திலேயே ஒதுக்கிவிட்டேன்.

இனி இரண்டு மாத்திரைகள். இரண்டும் ஈஸ்ட்ரோஜனுக்கு எதிரானவைதான். ஆனால் வழி வேறு. கூட்ட நேரத்தில் கடலூர் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, டமாக்சிஃபென் செய்வது அதைத்தான். ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இருக்கையில் முன்கூட்டியே துண்டைப் போட்டுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு வந்தாலும் மார்பகத்தில் அதற்கு இடமில்லை. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் வகையோ பயணிகளையே வரவிடாமல் தடுப்பவை. கொழுப்பிலும் தசையிலும் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் நொதியை அவை முடக்கிவிடுகின்றன.

மாதவிடாய் முழுதாக நின்றுபோன பெண்களுக்குக் காகிதத்தில் லெட்ரோசோல் வகைதான் மேல். பத்து வருடக் கணக்கில், டமாக்சிஃபெனைவிட நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்குக் கூடுதலாகச் சாவிலிருந்து தப்புகிறார்கள். சின்ன வித்தியாசம்தான், ஆனால் உண்மையான வித்தியாசம். இரத்தம் உறையும் ஆபத்தும் கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆபத்தும் அதில் கூடுவதில்லை. விலையாகக் கொடுக்க வேண்டியது மூட்டையும் எலும்பையும். பண்ருட்டியில் இருக்கும் என் ஓரகத்தி, 62 வயது, இரண்டு வருடமாக லெட்ரோசோல் சாப்பிடுகிறார். ஒரு நாள் காலை அவர் வீட்டில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். கிண்ணத்துக்குள் விரல்களை மடக்க முடியாமல், உள்ளங்கையால் புளியை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, கரண்டியை எடுத்து நசுக்கினார். “பத்து மணிக்குமேல் சரியாகிவிடும்” என்றார் சாதாரணமாக. எலும்பு அடர்த்திக்கு அவ்வப்போது டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, தினமும் நடை என்று அதற்குத் தனிப் பராமரிப்பு. அத்தனையும் செய்கிறார். கைவலிக்காக மாத்திரையை நிறுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை.

அவரைப் பார்த்து நானும் லெட்ரோசோல் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். வலியைத் தாங்கிக்கொள்ளலாம், அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக இருக்கலாம் என்ற ஆசை. மாதவிடாய் எனக்குத்தான் நின்று ஒன்பது வருடம் ஆகிவிட்டதே!

இங்கேதான் எல்லாம் மாறியது. மூன்று வாரம் கழித்துப் போனபோது டாக்டர் கேட்டார்: “மாதவிடாய் தானாக நின்றதா, நிறுத்தப்பட்டதா?”

39 வயதில் கர்ப்பப்பையில் கட்டி, ஓயாத உதிரப்போக்கு. ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் நாற்பதைத் தொடும் முன்பே இப்படி எடுத்துக்கொண்டவர்களைத் தெருவுக்கு இரண்டு பேர் காட்டலாம். “சினைப்பைகளையும் எடுத்தார்களா?” என்று அடுத்த கேள்வி. எனக்குத் தெரியவில்லை. என் வயிற்றிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது ஒன்பது வருடமாக எனக்கே தெரியாது என்பது அந்த நாற்காலியில்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்தேன். வீட்டு வரி ரசீதுகளுக்கும் மகன் ஜாதகத்துக்கும் நடுவில், மடிப்பில் மஞ்சளேறிப்போய் டிஸ்சார்ஜ் சீட்டு கிடைத்தது. கர்ப்பப்பை அகற்றப்பட்டது, தையல் பிரிக்க எட்டாம் நாள் வரவும், பளு தூக்கக்கூடாது. அவ்வளவுதான். சினைப்பையைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த மருத்துவமனைக்கே போய்க் கேட்டேன். பழைய பதிவேடுகள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இரண்டு சினைப்பைகளும் உள்ளேயே இருந்தன.

கர்ப்பப்பை போய்விட்டால் மாதவிடாய் வராது. ஆனால் சினைப்பை இருந்தால், அது ஓயும் வரை ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டே இருக்கும். உதிரம் நின்றதும் சினைப்பை ஓய்ந்ததும் ஒன்றல்ல. கீமோ வேறு சினைப்பையைத் தற்காலிகமாக உறங்கவைத்துவிடும். சில மாதங்களோ ஒன்றிரண்டு வருடமோ கழித்து அது விழித்துக்கொள்ளலாம். எனவே ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையில் அடங்கியதாகக் காட்டினாலும் அதை நம்பி உட்கார முடியாது. என் முதல் பரிசோதனை அடங்கியதாகத்தான் காட்டியது. டாக்டர் அதைப் பார்த்துத் தலையசைக்கவில்லை.

சினைப்பை வேலை செய்யும் உடம்பில் லெட்ரோசோலைத் தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எனக்குப் புரியவைத்தது டாக்டர்கூட அல்ல, என் அக்கா மகள். பண்ருட்டியில் ஓரகத்தி வீட்டு விசேஷத்துக்கு அவளும் வந்திருந்தாள். அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சித்தி, இது எனக்குக் குழந்தைக்காகக் கொடுத்த மாத்திரை அல்லவா?” என்றாள். அதேதான். அதே லெட்ரோசோல், அதே இரண்டரை மில்லிகிராம். கருத்தரிப்பு மையத்தில் ஐந்து நாள் கொடுத்திருக்கிறார்கள், சினைப்பையில் முட்டை வளர்வதற்காக. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை பதறிப்போய்ச் சினைப்பையை முடுக்குகிறது, அது இன்னும் வேகமாக ஓடுகிறது. ஒரு வாசலை அடைத்துவிட்டு இன்னொரு வாசலை அகலத் திறந்த கதை. எதை அடக்க வேண்டுமோ அதையே தட்டி எழுப்பும் மாத்திரையைத் தேடிப்போக இருந்தேன்.

டமாக்சிஃபெனுக்கு இந்தக் கவலை இல்லை. சினைப்பை தூங்கினாலும் விழித்தாலும் துண்டு போட்ட இருக்கை அதற்குத்தான். (அதுவும் 1960களில் இங்கிலாந்தில் கருத்தடை மாத்திரையாகத் தேடப்பட்ட மருந்துதான், கருத்தடைக்கு உதவாமல் போய்ப் புற்றுநோய்க்கு வந்து நின்றது.) அதன் மேல் எல்லோருக்கும் இருக்கும் பெரிய பயம் கர்ப்பப்பைப் புற்றுநோய். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்த ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும்; இடையில் உதிரம் பட்டால் உடனே காட்ட வேண்டும். எனக்கோ கர்ப்பப்பையே இல்லை. இத்தனை வருடமாக எதற்கு எடுத்தோம் என்று நொந்துகொண்டிருந்த அறுவை சிகிச்சை, முதல் முறையாக எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொன்னது.

நடுவில் ஒரு வழியையும் டாக்டர் சொன்னார்: ஊசி போட்டுச் சினைப்பையை உறங்கவைத்து, அல்லது அதை அகற்றிவிட்டு, அதற்குமேல் லெட்ரோசோல் வகையைச் சாப்பிடுவது. இளம் வயதில், நோய் திரும்பும் ஆபத்து அதிகமாக உள்ளவர்களுக்கு அதில் நல்ல பலன் உண்டு. நெறிகட்டியில் எனக்கு நோய் இல்லாததால் அதை வற்புறுத்தவில்லை. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. அதனால் அதைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை.

டமாக்சிஃபென் 20 மில்லிகிராம் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு மாத்திரையின் விலை ஒரு டீக்குக்கூட ஆகாது. இரவு திடீரென்று கழுத்திலிருந்து காதுவரை அனல் ஏறி, ஐந்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டி அடங்கும். கடலூர்ச் சித்திரையில் எது மாத்திரை, எது வெயில், எது கடற்காற்று நின்றுபோன புழுக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மார்கழியில்தான் தெரிந்தது, மாத்திரையேதான். வெள்ளைப்படுதல் உண்டு. தூக்கம் குறைவு. இந்த அனலுக்கும் மனச்சோர்வுக்கும் யாராவது மாத்திரை எழுதினால் டமாக்சிஃபென் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடுங்கள். ஃப்ளுவாக்செட்டின், பராக்செட்டின் போன்ற சில மருந்துகள், டமாக்சிஃபென் உடம்புக்குள் வீரியமாக மாறுவதைத் தடுக்கும்.

நான் நிஜமாகப் பயப்படுவது இரத்த உறைவுக்குத்தான். தொடங்கும் முன்பே, எனக்கோ வீட்டில் வேறு யாருக்கோ கால் நரம்பில் இரத்தம் கட்டியது உண்டா என்று துருவிக் கேட்டார்கள். இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி போயிருக்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ நேரே அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கண்புரைக்கும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். ஐந்தாவது வருடம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் இரண்டாவது வருடத்தில் இருக்கிறேன்.

இன்னும் ஓரிரு வருடத்தில் சினைப்பை உண்மையிலேயே ஓய்ந்தது உறுதியானால், மீதி வருடங்களுக்கு லெட்ரோசோலுக்கு மாறிக்கொள்ளலாம். அப்படி மாறுவதும் வழக்கத்தில் உள்ள முறைதான். இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவைக் காட்டும் எஸ்ட்ரடையால் பரிசோதனை அடுத்து ஆவணியில். போன முறை அது மறுபடியும் ஏறியிருந்தது. சொன்னதும் ஓரகத்தி சிரித்தார்: “உனக்கு இன்னும் வயசாகவில்லையடி. என் கைவலி உனக்கு இப்போதைக்குக் கிடையாது.” பழைய டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கத்தில், இரண்டு சினைப்பைகளும் உள்ளன என்று ஸ்கேன் தேதியோடு நானே எழுதி ஃபைலில் வைத்துவிட்டேன்.