கோவாவில் 1,500 ரூபாய்க்கு ஸ்கூபா: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன டிசம்பரில் நானும் மச்சானும் கோவா போயிருந்தோம். முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா பழக வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. பாகா கடற்கரையில் ஒரு ஏஜென்ட் பிடித்துக்கொண்டார். கிராண்ட் ஐலேண்ட் பேக்கேஜ், தலைக்கு 1,500 ரூபாய். படகு, டால்பின், மதியச் சாப்பாடு, அரை மணி நேரம் கடலுக்கடியில். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றார். முழுப் பணத்தையும் அங்கேயே கட்டினோம்.

மறுநாள் படகில் ஏறும்போது ஆளுக்கொரு தாளை நீட்டினார்கள். பின்னால் நாற்பது பேர் வரிசை. படிக்க நேரமில்லை, கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது இரண்டு நாளாகச் சளி, மூக்கடைப்பு. யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் அது என்று எனக்கும் தெரியாது.

தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தி ஒவ்வொருவராக இறக்கினார்கள். சிலிண்டர் காற்றை மூச்சுவிட வாயில் கடித்துக்கொள்ளும் கருவிதான் ரெகுலேட்டர். முன்னால் போனவர் வாயில் வைத்திருந்ததைக் கடல் தண்ணீரில் ஒரு அலசு அலசி என்னிடம் கொடுத்தார்கள். பல்லால் கடித்துப் பிடிக்க அதில் இரண்டு ரப்பர் முனைகள் இருக்க வேண்டும். ஒன்று பிய்ந்து போயிருந்தது. உதட்டோரம் உப்புத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. வாயால் மூச்சு விடுங்கள் என்றார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

கூட வந்தவர் என் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக் கீழே அழுத்தினார். இரண்டு ஆள் ஆழம் கூடப் போயிருக்க மாட்டோம், வலது காதுக்குள் ஊசி இறக்குவது போல வலி. காதைக் காட்டினேன். அவர் என்னைக் கேமரா பக்கம் திருப்பினார்.

மச்சானுக்கு வேறு மாதிரி. கேமராவைப் பார்த்ததும், நன்றாக இருக்கிறேன் என்று கட்டை விரலை உயர்த்தியிருக்கிறான். தண்ணீருக்கடியில் அதற்கு "மேலே போகலாம்" என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். இதைச் சொல்ல பத்து விநாடி ஆகுமா? மேலே கொண்டுவந்து, உங்கள் முறை முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள்.

அரை மணி நேரம் என்றார்களே, தனியாக 500 ரூபாய் வாங்கிக்கொண்டு தந்த வீடியோவில் என் டைவ் முழுசும் இருக்கிறது. 4 நிமிடம் 10 விநாடி.

அன்று ராத்திரியே விமானம். சென்னையில் இறங்கும்போது காது வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் காது மூக்கு தொண்டை டாக்டர். மூன்று வாரம் அந்தப் பக்கம் எல்லாமே சுவருக்கு அந்தப்பக்கம் பேசுவது போலத்தான் கேட்டது.

ஏஜென்ட்டுக்குப் போன் செய்தால் படகுக்காரரைக் கேளுங்கள் என்றார். படகுக்காரர், நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார். மச்சான் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். வீட்டில் உட்கார்ந்து படித்தால், "சளி, காது நோய் எதுவும் இல்லை, முழுப் பயிற்சி பெற்றேன்" என்று இருக்கிறது.

காது சரியான பிறகு, ஏப்ரலில் புதுச்சேரியில் முறையாகக் கற்றுக்கொண்டேன். மருத்துவப் படிவம் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வந்தது. காதில் அடிபட்டிருந்ததால் டாக்டர் சான்றிதழ் இல்லாமல் தண்ணீரில் இறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் நீச்சல் குளம். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து கழன்ற ரெகுலேட்டரைத் தேடி மாட்டுவது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதனால் வலி வரும் வரை காத்திருக்காமல், இறங்க ஆரம்பிக்கும்போதே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சமன் செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் மூக்குக்கும் காதுக்கும் நடுவிலுள்ள குழாய் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு இறங்கவே கூடாது.

அப்புறம் இன்ஸ்ட்ரக்டர் சொன்ன ஒன்றில்தான் எனக்கு உடம்பு பதறியது. எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கக் கூடாது. கீழே நுரையீரலில் நிறைந்த காற்று மேலே வர வர விரியும். அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியலாம். ஒன்றிரண்டு மீட்டர் ஆழமே அதற்குப் போதும். கோவாவில் நாற்பது பேரை இறக்கினார்கள், ஒருவருக்கும் இதைச் சொல்லவில்லை. பயந்துபோன எவருக்கும் முதலில் தோன்றுவது மூச்சை அடக்குவதுதான்.

கோவாவிலேயே ஒழுங்கான பள்ளிகள் இருக்கின்றன, அதே தீவுக்குத்தான் போகிறார்கள். விலை கூட இருக்கும், கொடுங்கள். பணம் அனுப்பும் முன் போனில் கேளுங்கள்: இன்ஸ்ட்ரக்டரின் பெயர், சான்றிதழ் எண் என்ன? பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பு கொடுத்த எண் என்றால் அந்த அமைப்பின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். ஒருவரிடம் எத்தனை பேரை விடுவீர்கள்? தண்ணீருக்குள் எத்தனை நிமிடம்? ஆழமில்லாத இடத்தில் முதலில் பழக்குவீர்களா? ஒரு நாள் அறிமுக டைவுக்கு 12 மீட்டர்தான் எல்லை. உங்களுக்கே டைவர் சான்றிதழ் வேண்டுமென்றால் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை கோர்ஸ். கடலில் நான்கு டைவ், மூன்று நான்கு நாள் ஆகும்.

ஒரே ஒரு டைவ் என்றாலும் 12 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். பல டைவ் என்றால் 18 மணி நேரம். திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்ற மாதிரி போடுங்கள். உங்கள் விமானம் எப்போது என்று அவர்களே கேட்டால் நல்ல இடம். "அதெல்லாம் இங்க வந்து பாத்துக்கலாம் சார்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.