குளிரில் சைக்கிள்: ஒரு கனத்த ஜாக்கெட்டா, மூன்று மெல்லிய உடுப்புகளா?

பஞ்சு அடைத்த கனத்த ஜாக்கெட்டோடு ஒருமுறை மலைப்பாதையில் ஏறினேன். பாதி வழியிலேயே உள்ளே வெந்தது. கழற்றலாம் என்றால் அடியில் ஒரு பருத்திச் சட்டை மட்டுமே. உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கியபோது, நனைந்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு நடுக்கியது. பிரேக்கைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. அன்றைய நடுக்கத்துக்குக் காரணம் குளிரைவிட என் வியர்வைதான்.

கணக்கு எளிது. பெடலில் 150 வாட் கொடுக்கும் உடல், கூடவே ஏறக்குறைய 500 வாட்டை வெப்பமாக வெளிவிடுகிறது. அதைப் பூட்டிவைத்தால் வியர்க்கும்; வியர்வையில் துணி நனைந்தால், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் நீர் உடம்போடு ஒட்டிக்கிடக்கும். கனத்த ஜாக்கெட் நின்றுகொண்டிருப்பவருக்கு நல்ல துணை. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் சைக்கிள் பயணத்தில், நிமிடத்துக்கு நிமிடம் வேண்டியதைக் கூட்டவும் குறைக்கவும் மெல்லிய அடுக்குகள்தான் இடம் தருகின்றன. இந்தப் போட்டியில் எனக்குத் தயக்கமே இல்லை.

உள்ளடுக்கில்தான் தயக்கம். பருத்தியை முதலிலேயே விலக்கிவிடலாம்; நனைந்தால் எளிதில் உலராது. மீதி மெரினோ கம்பளியும் பாலியஸ்டரும். மெரினோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். தோலுக்கு ஈரம் அவ்வளவாகத் தெரியாது, இரண்டு மூன்று நாள் அணிந்தாலும் நாறாது. ஆனால் முழுக்க நனைந்துவிட்டால் உலர நேரமெடுக்கும், சீக்கிரம் ஓட்டையும் விழும். பாலியஸ்டர் இழை ஒரு சதவீத ஈரத்தைக்கூட உள்வாங்காது. வியர்வையைப் பரப்பி விரைவில் உலர்ந்துவிடும். நாற்றம் மட்டும் அன்றே ஏறிவிடும். மூச்சிரைக்க ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்குப் பாலியஸ்டர். நிதானமாக நாள் முழுதும் போகிறவருக்கு, நடுவில் தேநீருக்கு நிற்கிறவருக்கு மெரினோ. நான் இரண்டாவது கட்சி.

நடு அடுக்குக்கு, உட்புறம் மென்ரோமம் உள்ள முழுக்கைச் சட்டை போதும். அதில் கழுத்திலிருந்து வயிறு வரை ஜிப் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

வெளியடுக்கில்தான் பலர் தவறான பக்கம் சாய்கிறார்கள். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் என்றால், 30 கிலோமீட்டர் வேகக் காற்றில் அது உடம்புக்கு 0 டிகிரியாகப் படும். அந்தக் காற்றைச் சைக்கிளோட்டி தானே உண்டாக்கிக்கொள்கிறார், அதுவும் முன்பக்கத்தில் மட்டும். பழைய நாளில் பந்தய வீரர்கள் மலையுச்சியில் செய்தித்தாளை வாங்கி, சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு இறங்கியது இதனால்தான். முதுகுக்கு அவர்கள் எதையும் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மழை ஜாக்கெட்டா, காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டா என்றால், மழை பெய்யாத நாளில் முன்னதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஆவியை வெளியேற்றும் சவ்வு வைத்துத் தைத்தது என்றாலும், ஏற்றத்தில் ஊறும் வியர்வையின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. முன்புறம் காற்றுத்தடுப்புத் துணியும் முதுகில் வலைத்துணியுமாக உள்ள கையில்லாத ஜாக்கெட்டே என் தேர்வு. கைப்பிடியளவு சுருண்டு பின்பையில் அடங்கும். இறக்கத்துக்கு முன் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். உறைநிலைக்குக் கீழே போகும் காலையில் மட்டும் முழுக்கை ஜாக்கெட்டுக்கு வேலை உண்டு. அப்போதும் அக்குளில் ஜிப் உள்ளதைத் தேடுங்கள்.

கால்களுக்கு ஒற்றை அடுக்கான குளிர்காலக் காற்சட்டை போதும். ஓயாமல் உழைக்கும் தசைகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். பாதங்களுக்கு அடுக்குமுறை பொருந்துவதே இல்லை. இறுகிய காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டமும் குறையும், கதகதப்பைத் தேக்கிவைக்கும் காற்றும் நசுங்கிவிடும். ஒரே கம்பளிக் காலுறை, காலணிக்கு மேலே ஓர் உறை.

புறப்படும்போது வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஓர் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுங்கள். முதல் பத்து நிமிடம் சற்றுக் குளிரத்தான் வேண்டும்.