பக்கவாதத்துக்கு அப்புறம் நடை: டிரெட்மில் வாங்கலாமா, தரையிலேயே நடக்கவிடலாமா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் யாருக்காவது ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தால், வெளியூரில் இருக்கிற பிள்ளை போனில் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு டிரெட்மில் வாங்கி அனுப்பிடவா?" பாசத்தில் கேட்பது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மெஷினுக்கு எதிரே வேறு வழிகளும் இருக்கின்றன: வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டை வரவழைத்துத் தரையில் நடக்கப் பழகுவது, உடம்பைப் பட்டி கட்டித் தூக்கிப் பிடித்து நடக்கவைக்கும் சென்டருக்குப் போவது. (புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறவர்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை, மன்னிக்கவும்.)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் பிடிக்காமல் நாலு அடி வைக்க முடியாதவருக்கு வீட்டு டிரெட்மில் வேண்டவே வேண்டாம். மெதுவாகவாவது தானே நடக்கிறவருக்கு அது நல்லது, ஆனால் வேகத்துக்கும் தம்முக்கும்தான். பேலன்சுக்கு அதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

மெஷினின் பலத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. தரையில் நடக்கும்போது உடம்பை நாம்தான் முன்னால் தள்ள வேண்டும். பெல்ட்டில் ஊன்றிய காலை மெஷினே பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. வாதம் வந்த கால் இடுப்பிலிருந்து பின்பக்கம் சரியாக நீளாது, முழங்காலும் மடங்காது, பாதமும் தொங்கும், அதனால்தான் பலர் அந்தக் காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வீசி நடக்கிறார்கள். பெல்ட் அந்தக் காலையும் விடாமல் பின்னுக்குக் கொண்டுபோவதால் இரண்டு கால் அடியும் கொஞ்சம் சமமாகும். அப்புறம் எண்ணிக்கை. பத்து நிமிடத்தில் சில நூறு அடிகள் சாதாரணமாக வந்துவிடும். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து அத்தனை அடி வைப்பதற்குள் வீட்டில் எல்லாரும் அலுத்துப்போவார்கள். மூளை நடையை மறுபடி கற்றுக்கொள்ள, திரும்பத் திரும்பச் செய்வதைவிட்டால் வேறு மருந்து கிடையாது.

ஆனால் கைப்பிடி இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். மன்னார்குடி பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு இடது பக்கம் விழுந்திருந்தது. மெஷினில் ஏறினதும் நல்ல வலது கையால் கம்பியை முட்டி வெளுக்கப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் வலது பக்கம் சாய்த்துவிடுவார். திரையில் நிமிடமும் தூரமும் ஏறிக்கொண்டிருக்கும், பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வந்த பிசியோ தம்பி திரையைப் பார்க்கவே இல்லை. "கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தை மட்டும் கேளுங்கம்மா" என்றார். 'டக்' என்று வலது கால், 'சர்ர்' என்று இடது கால், மறுபடி 'டக்', அப்புறம் நீளமாக ஒரு 'சர்ர்'. எடை முழுவதும் வலது பக்கமே நிற்கிறது, இடது கால் சும்மா பெல்ட்டில் உரசிக்கொண்டு போகிறது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கம்பியை இறுக்கிப் பிடித்தால் பேலன்ஸ் செய்கிற வேலையைக் கை எடுத்துக்கொள்கிறது, காலுக்கும் இடுப்புக்கும் அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

இதற்கு ஆதாரமும் உண்டு. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2017-ல் டிரெட்மில் பற்றி 56 ஆய்வுகளை, 3,105 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. டிரெட்மில் பயிற்சியால், தானாக நடக்க முடியாதவர்கள் தானாக நடக்கிற வாய்ப்பு கூடியதாகத் தெரியவில்லை. நடை வேகம் சராசரியாக நொடிக்கு 0.06 மீட்டர் கூடியது, அதாவது நிமிடத்துக்கு மூன்றரை மீட்டர் போல. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் 14 மீட்டர் கூடியது. அந்தப் பலனும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவர்களுக்குத்தான். சின்ன எண்ணிக்கைதான், ஆனால் ரோட்டைக் கடக்கிறவருக்கு அது சின்னது இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு 2011-ல் அமெரிக்காவில் வந்தது, சுருக்கப் பெயர் லீப்ஸ். 408 பேர். ஒரு கூட்டத்துக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டு மாதத்தில் பட்டி கட்டி டிரெட்மில், இன்னொரு கூட்டத்துக்கு அதே பயிற்சி ஆறு மாதம் கழித்து, மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டு மாதத்திலேயே பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து காலுக்கு வலு ஏற்றும் பயிற்சியும் பேலன்ஸ் பயிற்சியும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் 52 சதவீதம் பேருக்கு நடை ஒரு படி மேலே போயிருந்தது, மூன்று கூட்டத்துக்கும் நடுவே சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை! அத்தனை பெரிய மெஷினும், அதைச் சுற்றி நின்று காலைப் பிடித்து நகர்த்தின ஆட்களும் ஒரு பக்கம், வீட்டுக்கு வந்த ஒரு பிசியோ ஒரு பக்கம், தராசு சமமாக நின்றது. இன்னொன்றும் தெரிந்தது: நடை மிகவும் மோசமாக இருந்தவர்களில், சீக்கிரமே டிரெட்மில் ஏறினவர்கள்தான் அடிக்கடி விழுந்தார்கள். ஆறு மாதம் கழித்து ஆரம்பித்தவர்களும் முன்னேறினார்கள் என்பதையும் கவனியுங்கள், "ஆறு மாசம் தாண்டிட்டா அவ்வளவுதான்" என்று நம் ஊரில் கை விரிக்கிறவர்கள் நிறைய பேர்.

வாங்குவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தெருவிலோ நெல் காயப்போடும் களத்திலோ, சமமான தரையில் 10 மீட்டருக்குக் கோடு போடுங்கள். முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இடம் விட்டு, பக்கத்தில் ஒருவர் துணைக்கு நடக்க, அவரை அவர் போக்கில் நடக்கவிட்டு நேரம் பாருங்கள். 25 நொடிக்கு மேல் ஆனால் நடை வீட்டோடு சரி என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள், 12 அல்லது 13 நொடிக்குள் முடித்தால் கடைத்தெரு வரை போய்வருகிற நடை. டிரெட்மில் விஷயத்துக்கு வருவோம்: வீட்டு மெஷின்கள் பல மணிக்கு 0.8 அல்லது 1 கிலோமீட்டரில்தான் ஆரம்பிக்கின்றன. 1 கிலோமீட்டர் வேகம் என்றால் 10 மீட்டருக்கு 36 நொடி. உங்கள் ஆளுக்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது என்றால் அந்த மெஷினின் மிகக் குறைந்த வேகமே அவருக்கு ஓட்டம்தான். மறுவாழ்வுக்கென்று செய்யும் மெஷின் இதைவிட ரொம்ப மெதுவாக ஊரும், இரண்டு பக்கமும் நீளமான கம்பி இருக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மோட்டார் இல்லாத டிரெட்மில், கம்பியே இல்லாமல் கட்டிலுக்கடியில் தள்ளிவைக்கிற வாக்கிங் பேட், இரண்டையும் தொடாதீர்கள்.

பட்டி கட்டும் சென்டர் பற்றிக் கொஞ்சம். நடக்கவே முடியாதவருக்கு, அதுவும் முதல் மூன்று மாதத்துக்குள், காலை மெஷினே நகர்த்தும் ரோபோ வகைப் பயிற்சியைச் சாதாரண பிசியோவோடு சேர்த்துக் கொடுத்தால் தானாக நடக்கிற வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆக வீட்டு டிரெட்மில் யாருக்கு ஆகாதோ அவருக்கு இது ஆகும். வசதி இருந்தால் திருச்சி, சென்னை என்று விசாரிக்கலாம். ஆனால் திருத்துறைப்பூண்டியிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ நோயாளியைக் காரில் மடக்கி உட்காரவைத்து அழைத்துப் போய்வருவதற்குள், பயிற்சிக்கு என்று உடம்பில் மிச்சம் எதுவும் இருக்காது. அங்கேயே தங்க முடிந்தால் யோசிக்கலாம்.

தரைக்கு என் ஓட்டு ஏன் என்றால், நம் ஊரில் ஆள் நடக்கப்போகிற இடம் அப்படி. நிலைப்படி தாண்ட வேண்டும், திண்ணையிலிருந்து இறங்க வேண்டும், பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு சிமெண்ட் மேடு இருக்கும், தொங்குகிற கால் விரல் அதில்தான் தட்டும். செருப்பு வேறு காலில் நிற்காது, பின்பட்டை வைத்த செருப்புதான் சரி. விழுகிறவர்கள் திரும்பும்போதுதான் நிறைய விழுகிறார்கள், பெல்ட்டிலோ திரும்பவே வேண்டாம். பிசியோ தெரிந்தவர் என்றால் திரும்புவது, பக்கவாட்டில் நடப்பது, பின்னால் அடி வைப்பது, நாற்காலியிலிருந்து எழுவது, பேசிக்கொண்டே நடப்பது எல்லாம் பழக்குவார். பெரியப்பாவுக்கு இருந்த ஒரே ஆசை வரப்பில் நடந்து போய் மடை பார்க்க வேண்டும் என்பது. அதற்கு எந்த மெஷினும் தயார் செய்யாது. பிசியோ தம்பி கூடத்தில் இரண்டு கயிறு போட்டு நடுவே நடக்கச் சொன்னார், வாரம் போகப் போக இடைவெளியைக் குறைத்தார். பிறகு அகலமான வாய்க்கால் கரை, இடது பக்கம் ஒட்டி ஒருவர் இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி. வரப்பு அதற்கும் அப்புறம்தான்.

காசுக் கணக்கிலும் தரைதான் முன்னால். சுமாரான மோட்டார் டிரெட்மில் விலைக்கு, வீட்டுக்கு வரும் பிசியோவுக்குச் சில மாதம் ஃபீஸ் கொடுக்கலாம். 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். அடிக்கடி வர முடியாமல் போகலாம், ஆனாலும் வந்து சொல்லிக் கொடுத்ததை நடுவில் வீட்டுக்காரர்கள் செய்யவைக்கலாம்.

ஒரே ஒரு இடத்தில் டிரெட்மில் ஜெயிக்கிறது, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெரு முழுக்கச் சேறு. சித்திரை வெயிலில் காலை எட்டு மணிக்கே கோயில் பிராகாரத்துக் கல் சுட ஆரம்பித்துவிடும், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குச் சுடுவதுகூடத் தெரியாது. அந்த மாதங்களில் நன்றாக நடக்கிற ஆள்கூட ஈசிச்சேரில் உட்கார்ந்துவிடுவார், கிடைத்த நடை கையைவிட்டுப் போகும். அப்போது கூடத்தில் ஒரு மெஷின் இருப்பது பெரிய உதவி. கரண்ட் போனால் பெல்ட் திடீரென்று நின்றுவிடும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

ஏற்கெனவே மெஷின் வந்து இறங்கிவிட்டதா? சரி, துணி காயப்போடுவதற்கு விட்டுவிட வேண்டாம். முதலில் டாக்டரிடம் பிரஷரும் இதயமும் தாங்குமா என்று கேளுங்கள், ஸ்ட்ரோக் வந்தவர்களில் பலருக்கு இதயத்திலும் கோளாறு இருக்கும். பிரஷருக்குச் சாப்பிடும் சில மாத்திரை நாடித் துடிப்பை ஏறவிடாது, அதனால் திரையில் காட்டும் துடிப்பை நம்பாமல், பேச்சு கொடுத்துப் பாருங்கள், ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இழுபட்டால் மெஷினை நிறுத்திவிடும் சேஃப்டி கீயின் கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் பெல்ட்டை ஓடவிடாதீர்கள். பலவீனமான பக்கத்தில், சற்றுப் பின்னால், ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். கம்பியை முழுக் கையால் பிடிப்பதிலிருந்து விரல் நுனியால் தொடுவதற்கு மெல்ல மெல்லக் கொண்டுவாருங்கள். நிறுத்தினதும் உடனே இறங்க விடாதீர்கள், பெல்ட்டில் ஊறின காலுக்கு நிற்கிற தரையும் கொஞ்ச நேரம் நகர்கிற மாதிரி இருக்கும், கம்பியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்று, நல்ல காலை மெஷினிலேயே ஊன்றிக்கொண்டு, பலவீனமான காலை முதலில் தரையில் வைத்து இறங்கட்டும்.