முட்டைப்பூச்சுச் சுவரும் 256 படிகளும்: ஜிம்ப்பில் உயர் பிட் ஆழம், 2018 முதல் இன்று வரை

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளைப் படமெடுத்துக் கொடுப்பது என் தொழில்களில் ஒன்று. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கங்களில் வளவு வீடுகளை (நடுவில் முற்றம் வைத்த செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை) தங்கும் விடுதியாக மாற்றுவோரும், பங்கு பிரிப்பதற்கு முன் வீட்டை முழுமையாகப் பதிவு செய்துவிட விரும்புவோரும் அழைப்பார்கள். படங்களை ஜிம்ப் மென்பொருளில்தான் செப்பனிடுகிறேன். 2012இல் வந்த 2.8 பதிப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வண்ணத் தடம் ஒன்றுக்கு 8 பிட், அதாவது இருளிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள் என்ற எல்லையைத் தாண்டாது. 2018 ஏப்ரலில் 2.10 வெளிவந்த பிறகே 16 பிட்டிலும் 32 பிட்டிலும் வேலை செய்ய முடிந்தது.

256 படிகள் போதாது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது செட்டிநாட்டுச் சுவர்தான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய அந்தச் சுவரில் சொரசொரப்பு என்பதே இராது. முற்றத்தில் விழும் வெயில் தாழ்வாரத்தைக் கடந்து உள்ளறையை நோக்கிப் போகப் போக, சுவரின் வெண்மை எங்கே குறைகிறது என்று சொல்ல முடியாதபடி மெல்ல மங்கிக்கொண்டே செல்லும். அந்த நிழற்பகுதியை வெளிச்சப்படுத்த, ஒளியளவை மாற்றும் வளைகோட்டுக் கருவியான கர்வ்ஸைத் தூக்கினால், அங்கே இருக்கும் முப்பது நாற்பது படிகள் விரிந்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி விழுந்து, சுவர் பட்டை பட்டையாகத் தெரியத் தொடங்கும். அதே படத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தைப் பார்த்தால் ஒரு குறையும் இராது. பூவும் கொடியுமான வடிவங்கள் பட்டைகளை விழுங்கிவிடும். 2.8 காலத்தில் ஒரு வீட்டு ஆச்சி, அச்சிட்டுக் கொடுத்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, சுவத்துல மழைத்தண்ணி இறங்குன மாதிரி இருக்கு, எங்க வீடு ஒழுகாதே!" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

என் கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பு 14 பிட், அதாவது 16,384 படிகள் கொண்டது. அதை, ரா கோப்புகளைப் பதப்படுத்தும் டார்க்டேபிள் மென்பொருளில் திறந்து, அடிப்படை வெளிச்சத்தைச் சரிசெய்து, ஜிம்ப்புக்கு 32 பிட் மிதவைப் புள்ளி (பின்ன எண்) வடிவில் அனுப்புகிறேன். 16 பிட் முழு எண்ணே பெரும்பாலான வேலைக்குப் போதும். ஆனால் மிதவைப் புள்ளியில் வெண்மையின் உச்சத்தைத் தாண்டிய மதிப்புகளும் அழியாமல் நிற்பதால், முற்றத்து வானத்தை ஒரு கட்டத்தில் வெளுக்க விட்டுப் பிறகு கீழே இறக்கினாலும் மேகம் திரும்பி வருகிறது. இமேஜ் மெனுவில் உள்ள பிரிசிஷன் (பிட் ஆழம்) பகுதியில் லீனியர், பெர்செப்சுவல் போன்ற வகைகள் தென்படும். லீனியர் ஒளியின் அளவை அப்படியே பதியும், பெர்செப்சுவல் கண் உணரும் விதத்துக்கு ஏற்ப நிழல்களுக்குக் கூடுதல் படிகளை ஒதுக்கும். 8 பிட்டில் லீனியரைத் தேர்ந்தெடுத்தால் நிழல்கள் பாழாகும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்குக் கொடுக்கும் விலை நினைவகம். 24 மெகாபிக்சல் படத்தின் ஒரு லேயர் (அடுக்கு), ஒளிபுகுதன்மையைக் குறிக்கும் ஆல்ஃபா தடத்துடன் சேர்த்து, 8 பிட்டில் ஏறத்தாழ 96 மெகாபைட். 32 பிட்டில் 384 மெகாபைட். ஆறு லேயர் வைத்தால் 2.3 கிகாபைட், அதற்கு மேல், செய்ததை மீட்டெடுக்க உதவும் அன்டூ வரலாறு வேறு. என் பழைய 8 கிகாபைட் கணினி இதில் திணறியது. பிரஃபரன்சஸில் டைல் கேஷ் (ஜிம்ப் படத்துக்காகப் பயன்படுத்தும் நினைவக) அளவைக் கூட்டிய பின் கொஞ்சம் மூச்சு விட்டது. 32 கிகாபைட்டுக்கு மாறிய பிறகே நிம்மதி.

ஆல்பம் அச்சிடும் லேப்கள் கேட்பது ஜேபெக், அதுவோ 8 பிட். எனவே கடைசியில் மறுபடியும் 256 படிகளுக்குத்தான் இறங்கியாக வேண்டும் என்றால் இத்தனை பாடு எதற்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். திருத்தம் எல்லாம் முடிந்த பிறகு ஒரே முறை இறங்குவதும், ஒவ்வொரு திருத்தத்திலும் படிகளை இழந்துகொண்டே வருவதும் ஒன்றல்ல. அந்த இறக்கத்திலும் ஒரு நுட்பம் உண்டு. நேரடியாக ஏற்றுமதி செய்யாமல், முதலில் பிரிசிஷனை 8 பிட்டாக மாற்றி, அப்போது வரும் பெட்டியில் டித்தரிங்கைத் தேர்ந்தெடுக்கிறேன். அது படிகளின் விளிம்பில் புள்ளிகளை மெல்லியதாகச் சிதறவிடுவதால் சுவர் வழவழப்பாகவே நிற்கிறது. இரைச்சலை (படத்தில் தெரியும் சிறு புள்ளிச் சிதறலை) முற்றாக நீக்கிய படங்களில்தான் பட்டை அதிகம் விழுகிறது. கொஞ்சம் மணல்தன்மையை விட்டுவைப்பது நல்லது.

பட்டாலையில் (வீட்டின் முன்கூடத்தில்) மாட்டியிருக்கும் பர்மா, மலாயாக் காலத்துப் புகைப்படங்களை ஸ்கேன் செய்வதில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மங்கிப்போன படத்தின் தொனிகள் எல்லாம் 8 பிட் அளவில் அறுபது படிகளுக்குள் ஒடுங்கியிருந்தால், அதை விரிக்கும்போது ஹிஸ்டோகிராம் (எந்தத் தொனியில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடம்) சீப்பின் பற்களைப் போல் ஆகிவிடும். 16 பிட் கிரேஸ்கேலில் (கறுப்பு வெள்ளைப் படத்தில்) அதே ஒடுக்கத்துக்குள் 15,360 படிகள் இருக்கின்றன. வேட்டி மடிப்பும் நாற்காலி நிழலும் தனித்தனியாகப் பிரிந்து வரும்.

2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களை லேயரின் மேல் கழற்றி மாட்டக்கூடியதாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் வேலை முறையையே மாற்றியது. 2.10இல் ஒருமுறை ஏற்றிய திருத்தம் படத்தோடு கரைந்துவிடும். பழைய செருகுநிரல்கள் சில 8 பிட் தரவை மட்டுமே கையாளும் என்பதால், அவற்றை நான் அறவே விட்டுவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் வரும் ஜேபெக்கை 16 பிட்டாக மாற்றித் தரச் சொல்லிச் சிலர் அனுப்புகிறார்கள். மாற்றினால் மேற்கொண்டு செய்யும் திருத்தங்களில் இழப்பு குறையும். போன படிகள் திரும்பா. அந்த ஆச்சி வீட்டுக்கு நான் எடுத்த ரா கோப்புகளை அன்று சேமித்து வைக்கவில்லை. கையில் இருப்பது பட்டை விழுந்த ஜேபெக் மட்டும்தான். மறுபடி போய் எடுக்கலாம் என்றால், வீட்டைப் பிரித்துத் தேக்குத் தூண்களை விற்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.