370இசட்டை குடுத்துட்டு பழைய ஆக்டேவியா ஆர்எஸ் எடுக்கலாமா?

நம்பர மட்டும் பாத்தா இந்த மாத்து கிறுக்குத்தனம்தான். நிசான் 370இசட்ல 3.7 லிட்டர் வி6, 328 குதிரைசக்தி, பின்சக்கர டிரைவ். முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ, இந்தியாவுல வித்தப்போ வெறும் 150 குதிரைசக்திதான், அதுவும் முன்சக்கர டிரைவ்.

ஆனா இசட்டோட முழு பவர் 7000 ஆர்பிஎம்ல வருது, ஈசிஆர்ல அங்க எத்தன தடவ போவீங்க? ஸ்கோடால 210 என்எம் டார்க் (இழுக்குற விசை) 1750 ஆர்பிஎம்லயே வந்து நிக்குது, நல்ல ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேர மட்டும் மாத்துறது) போட்டா 190 பக்கம் பவரும் வரும், பின்னாடி அம்மா அப்பாவ உக்கார வச்சு டிக்கில நாலு பெட்டியும் போட்டு ஊருக்கு போயிடலாம். இசட்ல ரெண்டே சீட்டு, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் சாமி கும்பிடணும்.

சத்தம், ஸ்டீரிங், பின்பக்கம் லேசா வழுக்குற அந்த சுகம், இதுல எல்லாம் இசட்தான், பேச்சே இல்ல. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு போறவரா இருந்தா விக்காதீங்க, ஆயில் கூலர் மட்டும் இருக்கானு பாருங்க, இல்லன்னா ஆயில் சூடு சர்ருனு ஏறும். மேனுவல்னா கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (பெடல மிதிச்சா கிளட்ச விடுவிக்கிற பார்ட்) ஒரு தலைவலி, கியர்பாக்ஸ கழட்டாம கைய வைக்க முடியாது.

ஸ்கோடால பயப்பட வேண்டியது வண்டிக்கு இல்ல, முன்னாடி ஓனர் பண்ண வேலைக்கு. காயில் பேக், வேக்கம் ஹோஸ், டைவர்ட்டர் வால்வு எல்லாம் சில்லறை செலவு. டைமிங் பெல்ட் அறுந்தா வால்வு பிஸ்டன்ல மோதி எஞ்சினே காலி. பெரிய டர்போ போட்டு 250க்கு மேல பவர் எடுத்திருக்கேன்னு பெருமையடிச்சா பிஸ்டன கிராங்க்ஷாஃப்ட்டோட இணைக்கிற கனெக்டிங் ராட பலமானதா மாத்துன பில்ல கேளுங்க, பில் இல்லன்னா கெளம்பிடுங்க. இப்போ பங்க்ல வர்ற, 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு பழைய ரப்பர் ஹோஸ் எல்லாம் தாங்குமாங்குறது வேற கவலை.

பேப்பர் விஷயமும் இருக்கு. ஆர்சில உள்ளத மீறி வண்டிய மாத்தக்கூடாதுனு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. 15 வருஷம் தாண்டுன வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ முன்னாடி நிக்கணும், இன்சூரன்ஸ்ல சொல்லாத மாடிஃபிகேஷன்னா கிளெய்ம்ல இடிக்கும்.

என் ஓட்டு, ரீமேப்போட நிறுத்துன, பில்லெல்லாம் ஃபைல் போட்டு வச்சிருக்கிற ஆர்எஸ்க்கு. பாக்க போறப்போ எஞ்சின முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கனு சொல்லிட்டு போங்க, கோல்ட் ஸ்டார்ட்ல நீலப்புகை (ஆயில் எரியுதுன்னு அர்த்தம்) வருதானு பாத்துட்டு, சிலிண்டர்ல அழுத்தம் சரியா இருக்கானு காட்டுற கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் எடுத்துட்டு அப்புறம் விலை பேசுங்க.